தேர்ந்த மூக்கு

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்திருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. யாரோ டீப் பையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, போட்டதையே மறந்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இப்படி ஒரு தண்டனை கிடைக்கும் அளவுக்கு எந்த இலையும் குற்றம் செய்வதில்லை. அதுவும் இது கிரீன் டீ. தண்ணீர் கொதித்து, இறக்கி வைத்து, அதன் கோபம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கசந்துவிடும். கசப்பை மட்டும் என் நாக்கு மன்னிக்காது.

சரி இன்ஸ்பெக்டர், விஷயத்துக்கு வருகிறேன். வக்கீல் வெளியே உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. என் மனைவி இறந்தது விபத்து, அதில் எனக்குத் தெரிந்து எதுவும் நடக்கவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாமாம். "கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். நல்ல மனிதர். ஆனால் நான் போடப் போவதில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது.

நான் தேயிலைக்கு வந்தது அச்சகம் வழியாக. அட்டைப்பெட்டி அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். வருகிற பெட்டிகளில் பாதி தேயிலைப் பெட்டி. இளம் புல்லின் புத்துணர்ச்சி, வறுத்த கடலையின் சாயல், மழை நின்ற பிறகு எழும் மண், முல்லையின் மெல்லிய மூச்சு. இந்த மாதிரி வரிகளுக்கு ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லாம் மனப்பாடம். எந்த இலைக்கு எந்த வரி என்பதும் தெரிந்துபோயிற்று. தட்டையான இலை என்றால் கடலை. முத்து மாதிரி உருண்டிருந்தால் முல்லை. ஊசியாக நின்றால் புல். மற்றவர்கள் பணம் கட்டிக் கற்றுக்கொள்வதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றேன்.

மூக்கைப் பற்றி எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கருத்து உண்டு. வாசனை என்பது பெரும்பாலும் பேச்சு. ஒருவர் முகத்தைச் சுளித்தால் பக்கத்தில் இருப்பவரும் சுளிக்கிறார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் அடுத்தவர் தலையும் ஆடுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பொத்தும்போது நானும் பொத்துவேன், கொஞ்சம் தாமதமாக. வளர வளர அந்தத் தாமதத்தைக் குறைத்துக்கொண்டேன். எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான் என்பது என் முடிவு. இன்றும் அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

அச்சகத்தை விட்டுச் சேமிப்பைப் போட்டு உதிரித் தேயிலைக் கடை ஆரம்பித்தேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் தண்ணீர் காய்ச்ச ஒரு சின்ன அறை, மாடியில் ஒரு தையல்காரர். சனிக்கிழமை காலையில் கடைக்குள் நாற்காலி போட்டு, டீயை எப்படி ருசிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். முதலில் இலையைப் பார். பிறகு ஊற வைத்த கிண்ணத்தின் மூடியை எடுத்து, அதன் உள்பக்கத்தை முகர். டீயின் வாசனையெல்லாம் அந்த மூடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று என் பெட்டிகள் எல்லாமே ஒரே குரலில் சொல்லியிருந்தன. அதன் பிறகு ஒரு வாய், சத்தமாக, காற்றோடு சேர்த்து உறிஞ்சு.

தவறாமல் வருகிறவர்களில் பல் டாக்டர் ஒருவர். என்னை 'மாஸ்டர்' என்பார். தெருமுனையில் பால் டீ ஆற்றுகிறவரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார் என்பதால் எனக்கு அதில் முழுச் சந்தோஷம் கிடையாது.

"வீட்ல இப்படி உறிஞ்சினா பொண்டாட்டி தட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவா மாஸ்டர்" என்பார். "இங்க என்னடான்னா ஃபீஸ் கட்டி உறிஞ்சறோம்."

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒரு அக்காவும் வருவார். அவர் உறிஞ்சினால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் நல்லவர்கள். நான் புல் என்றால் புல் என்பார்கள், கடலை என்றால் கடலை. அந்தக் கடையில் என் வார்த்தைக்கு மறுவார்த்தை இருந்ததே இல்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

தாமதமான கல்யாணம். அவளும் வயது தாண்டியவள்தான், மழலையர் பள்ளியில் ஆசிரியை. சிரித்தபடி பேசுகிறவள். பெண் பார்க்கப் போன அன்று, என் அக்கா பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "குழந்தைங்களை வெச்சுச் சமாளிக்கிறது கஷ்டமில்லையா?" என்று கேட்டாள். "அதெல்லாம் இல்லைங்க. யாருக்கு டவுசர் மாத்தணும்னு வாசல்ல நிக்கும்போதே மூக்கு சொல்லிடும்" என்றாள் இவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தாமதம் இல்லாமல்.

முதலில் அவள் சனிக்கிழமைகளில் கிண்ணம் கழுவத்தான் வந்தாள். ஒருநாள் நான் முத்து டீயை ஊற வைத்திருந்தேன். கடையிலேயே விலை கூடியது அதுதான். முந்தைய வாரங்களிலும் அதே டின்னிலிருந்து எடுத்து, முல்லை என்று சொல்லி, எல்லோரும் முல்லை என்று தலையாட்டி, பல் டாக்டர் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டும் போயிருந்தார். மேசையைத் துடைக்க வந்தவள் விளையாட்டாக அந்த மூடியை எடுத்து முகர்ந்தாள். சட்டென்று கீழே வைத்தாள்.

"என்னங்க, இதுல சோப்பு வாடை அடிக்குது."

"முல்லை" என்றேன்.

"முல்லை சோப்புங்க. குளிக்கிற சோப்பு. சத்தியமா, பாருங்களேன்."

பல் டாக்டர் மூடியை வாங்கினார். இரண்டு தடவை முகர்ந்தார். "அட ஆமா மாஸ்டர். சோப்பேதான். போன வாரம் நாலு கிண்ணம் குடிச்சேனே, உள்ள எல்லாம் பளபளன்னு ஆகியிருக்கும்."

டிரைவிங் ஸ்கூல் அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறியது. விஷயம் இதுதான்: பக்கத்துக் கடைக்காரர் இடமில்லை என்று தன் சோப்புப் பெட்டிகளை என் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். தேயிலை பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். இதையும் நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் சோப்பு என்று சொல்லும்வரை அந்த டாக்டருக்கு முல்லைதான் வந்துகொண்டிருந்தது. சொன்ன நிமிஷத்தில் சோப்பு வந்துவிட்டது. என் கருத்துக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்க யாரும் தயாராக இல்லை.

அதற்கப்புறம் மூடி முதலில் அவளிடம் போனது. "அண்ணி என்ன சொல்றாங்க?" என்பார் பல் டாக்டர். அவள் கூச்சப்பட்டுக்கொண்டே சொல்வாள். இது போன வருஷத்து இலை மாதிரி இருக்கு, இது ஈரத்துல இருந்திருக்கு, இதுல பக்கத்து டின் வாடை கொஞ்சம் ஏறியிருக்கு. சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், சரிதானே என்கிற மாதிரி. அவளுக்கு என்னை மட்டம் தட்டும் எண்ணம் துளிகூட இல்லை. நான் ரொம்பத் தெரிந்தவன், அதனால் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்தாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நல்ல மாணவி தலைக்கனம் பிடித்துக் கெட்டுப்போகக் கூடாது. ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே பயிற்சியைக் கொஞ்சம் கடுமையாக்கினேன்.

பெயர் தெரியாமல் ருசிக்கிற முறை ஒன்று உண்டு. ஒரே மாதிரி வெள்ளைக் கிண்ணங்கள், இலையை வடித்துவிட்டுச் சாறு மட்டும். கிண்ணத்தின் அடியில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். முகர்ந்து, குடித்து, இன்னது என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சீட்டை ஒட்டுகிறவன் நான். சில கிண்ணங்களில் சீட்டை மாற்றி ஒட்டினேன்.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் நல்ல டீதான் குடித்தார்கள்.

முதல் தடவை அவள், "இது அந்தத் தட்டை இலைதான், வறுத்த வாடை வருதே" என்றாள். கிண்ணத்தைத் தூக்கினேன். ஊசி இலை என்று இருந்தது. "அய்யோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பல் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்பவே லேசா புல் வாடை வந்துச்சு, அண்ணி சொல்றாங்களேன்னு பேசாம இருந்தேன்" என்றார். பாருங்கள், எவ்வளவு ஒத்துழைப்பு. இரண்டாம் வாரம் அவள் சிரிக்கவில்லை. அதற்கடுத்த வாரம், எல்லோரும் போன பிறகு, கிண்ணங்களைக் கழுவாமல் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டே நின்றாள்.

"எனக்குக் கடலை மாதிரிதாங்க வருது. இப்பவும் அப்படித்தான் வருது."

"வர்ற மாதிரி இருக்கும். அது கற்பனை."

"கற்பனை இவ்வளவு பலமா வருமா?"

"பலமா வர்றதுதான் கற்பனை" என்றேன். அவள் யோசித்தாள். தன்னைவிட என்னை நம்புகிறவள், ஆனாலும் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

பயிற்சி கடையோடு நின்றுவிட்டால் பலன் இல்லை. ஒருநாள் வீட்டில், பால் கெட்டுப்போச்சு, கொட்டப் போகிறேன் என்றாள். நான் பாத்திரத்தை வாங்கி, ஒரு டம்ளர் ஊற்றி, அவள் பார்க்கப் பார்க்கக் குடித்தேன். புளிப்பாகத்தான் இருந்தது. நாக்கு பொய் சொல்லாது. "நல்ல பால்" என்றேன். அதன் பலனை மறுநாள் முழுக்க அனுபவித்தேன். ஒரு ஆசிரியர் தன் மாணவிக்காக எவ்வளவு தூரம் போவார் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு நாள் இஸ்திரிப் பெட்டியை என் சட்டை மேல் வைத்துவிட்டுப் போனில் பேசப் போனவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள், தீயுற வாடை வருதே என்று. நான் அதற்குள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை என்றேன். நல்ல சட்டை. முதுகுப்புறம் பெட்டி அளவுக்குக் கருகிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் கடைக் குப்பையில் போட்டேன்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆமாம், நானேதான். பல் டாக்டரிடம் இல்லை, மூக்கு டாக்டரிடம். அவர் சோதித்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "உங்க வீட்டம்மாவுக்கு மூக்கு நல்லா இருக்கு சார், நல்லான்னா ரொம்பவே நல்லா இருக்கு" என்றார். வெளியே வந்து அவளிடம், நரம்பு சம்பந்தப்பட்டது, மூக்கைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே மூளையில் வாசனை மாறிப் பதிகிறது என்று விளக்கினேன். டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கினார் என்றும் சொன்னேன். ஆட்டோவில் வரும்போது அவள் கைக்குட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள், அப்புறம் மடித்து வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூட வேலையை அவளாகத்தான் விட்டாள். நான் சொல்லவில்லை. ஒரு குழந்தை நனைந்த துணியோடு மதியம் வரை உட்கார்ந்திருந்ததாம். "உங்களுக்குத்தானே முதல்ல தெரியும், ஏன் சொல்லல?" என்று தலைமையாசிரியை கேட்டாராம். "தெரிஞ்சுதுங்க. ஆனா தெரிஞ்சது நெஜமான்னு தெரியல" என்றாளாம். என்னிடம் இதைச் சொல்லும்போது குழந்தையை நினைத்து அழுதாள். நான் நல்லதாக ஒரு கிரீன் டீ போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு அமைதி வந்தது. எதற்கும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாள். பால், காய்கறி, துவைத்த துணி, தன் தலைமுடிகூட. "இது சரியா இருக்கா பாருங்க." நான் முகர்ந்து, சரி என்பேன், அல்லது இல்லை என்பேன். யாரும் என்னை அந்த அளவு மதித்ததில்லை. சனிக்கிழமைகளில் பல் டாக்டர் மூடியை நீட்டினால், "என்னைக் கேக்காதீங்க, அவரைக் கேளுங்க" என்று பின்னறைக்குப் போய்விடுவாள். தண்ணீர் காய்ச்சுவது மட்டும் அவள் பொறுப்பு. அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கெட்டிலின் சத்தத்தை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவாள்.

அவளுடைய அண்ணன் ஒருமுறை வந்து தங்கினார். லாரி செட் வைத்திருக்கிறார், மனதில் பட்டதைப் பேசுகிறவர். கிளம்பும்போது என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்பிள்ளை, முன்னல்லாம் நான் தெருவுல வரும்போதே சிகரெட் பிடிச்சியான்னு கேப்பா. இப்ப மூஞ்சிக்கு நேரா ஊதினாலும் திரும்பி உங்களைப் பாக்கறா. என்ன ஆச்சு எந்தங்கச்சிக்கு?"

"பக்குவம் வந்திருக்கு" என்றேன்.

அவர் "நல்ல பக்குவம்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

இப்போது பின்னறை ஜன்னல். சோப்பு விவகாரத்துக்குப் பிறகு வெளி வாடை எதுவும் இலைக்கு வரக் கூடாது என்று நான்தான் அந்த ஜன்னலை மூடி, இடுக்கிலெல்லாம் டேப் ஒட்டினேன். உங்கள் ஆட்கள் அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். தொழில் அக்கறை, வேறு ஒன்றும் இல்லை. அங்கே காஸ் அடுப்பு இருந்தது. அதன் ரப்பர் குழாய் பழசு. வெடித்திருந்தது என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். அந்தக் குழாயை நான் தொடவில்லை. மாற்றவும் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கடையைத் திறந்தோம். நான் முன்னால் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பின்னறைக் கதவைத் திறந்தவள் உள்ளே போகாமல் நின்றாள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க. ஏதோ வாடை வருதே. உங்களுக்கு வருதா?"

நான் போனேன். கதவருகில் நின்று, முகத்தை உள்ளே நீட்டி, மூடியை முகர்வது போலவே கண்ணை மூடி, நிதானமாக இழுத்து, நிறுத்தி, விட்டேன். முறைப்படிச் செய்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லையே."

"நெஜமாவா? எனக்கு என்னமோ பலமா வர்ற மாதிரி இருக்கு."

"பலமா வர்றது எதுன்னு உனக்கே தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு. "ஆமா, என் மூக்கை நம்பி ஒரு காரியம் பண்ண முடியுமா" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நான் என் கிண்ணங்களிடம் திரும்பி வந்தேன்.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. கிண்ணங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கொஞ்ச நாள் இருந்தாள். கண்ணும் வாயும் மட்டும்தான் தெரிந்தன. ஒரு சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"அன்னைக்கு எனக்கு வாடை வந்துச்சே. அது வந்தது நெஜம்தானே?"

வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள். எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் ஆறுதலுக்காக மாணவிக்கு மார்க் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"இல்லைம்மா" என்றேன்.

சரி என்பது போல இமையை மூடினாள். பக்கத்திலிருந்த நர்ஸ் இதை உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். சொல்லட்டும், நடந்ததுதான். மறுநாள் போய்விட்டாள்.

இதுவரை நான் சொன்ன எதையும் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். சீட்டு மாறியதற்கும் பால் குடித்ததற்கும் எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? வக்கீலும் அதைத்தான் சொல்கிறார். நான் பேச வந்தது அதற்காக இல்லை. நீங்கள் என்னை அனுப்பினீர்களே, அந்தச் சோதனைக்காக.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் என் கண்ணைக் கட்டிவிட்டு மூக்கருகே நாலைந்து சீசாக்களை நீட்டினார். கிராம்புத் தைலமாம், மண்ணெண்ணெயாம், காபித் தூளாம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றும் வரவில்லை என்றேன். கண்ட சீசாவை நீட்டினால் கருத்துச் சொல்ல நான் கடைத்தெரு வேடிக்கையா? அவர் அதை வைத்துக்கொண்டு, பிறவியிலேயே எனக்கு வாசனை தெரியாது, தெரிந்திருக்கவே முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வக்கீல் குதிக்கிறார். "இது போதும் சார். வாடையே தெரியாத ஆளு, இல்லைன்னு சொன்னதுல என்ன தப்பு? யாரும் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது." அந்தக் காகிதத்தில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்.

நேற்று மைத்துனர் வந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் எல்லாத்தையும் சொன்னாரு. எனக்குத் தெரியாமப் போச்சு மாப்பிள்ளை. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். பாவம், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா?"

பாவம் என்றார். என்னை. போகும்போது இன்னொன்றும் சொன்னார். விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டதாம். அந்தப் பல் டாக்டர், நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களிடமெல்லாம், "மூக்கில்லாத ஆளுகிட்ட இத்தனை வருஷம் ஃபீஸ் கட்டி மோந்து பாக்கக் கத்துக்கிட்டோம்" என்று சொல்கிறாராம். டிரைவிங் ஸ்கூல் அக்காவுக்கு மறுபடியும் சிரிப்பில் புரையேறியதாம்.

இப்படி ஒரு பெயரோடு நான் அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்கிறார் வக்கீல். விடுதலை என்கிறார் அதை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலையில் எனக்கு வாடை வந்தது. கதவருகில் நின்றபோது நன்றாகவே வந்தது. அது காஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒன்றும் இல்லை என்றேன். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைப்பாள் என்றும் தெரியும். என் மனைவியை நான் கொன்றேன். யார் தூண்டுதலும் இல்லை, சுயநினைவோடு சொல்கிறேன். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். டாக்டரின் அறிக்கையை மட்டும் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஏன் பேனாவை வைத்துவிட்டீர்கள்? மாடித் தையல்காரர் சொன்னதை வைத்து யோசிக்கிறீர்களா? குடலைப் பிடுங்குகிற நாற்றம், அதைச் சொல்லத்தான் படியிறங்கி வந்துகொண்டிருந்தேன் என்று அவர் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். நல்ல மனிதர், ஆனால் பழகாத மூக்கு. முதல் தடவை நல்ல டீ குடிக்கிறவர்களும் அப்படித்தான் முகத்தைச் சுளிப்பார்கள். நுட்பமானதை எல்லாம் நாற்றம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அப்படியானால் எனக்கு என்ன வாடை வந்தது என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதுங்கள். கதவைத் திறந்ததும், நறுக்கிய வெள்ளரிக்காயின் குளிர்ச்சி. இழுத்து நிறுத்தினால் நடுவில் கொஞ்சம் தேன். மூச்சை விடும்போது, மிக மெல்லியதாக, ஏதோ ஒரு வெள்ளைப் பூ.